வெங்காயத் தோலில் ஊட்டிக் கம்பளி

ஊட்டியை அடுத்த சாண்டிநல்லா பக்கத்து நீலகிரி ஆட்டு ரோமத்தில் திரித்த நூலுக்குச் சாயம் ஏற வேண்டுமென்றால் முதலில் பிசுக்கு போகணும். கை பொறுக்காத சூட்டில், சோப்பு கரைத்த நீரில் அரைமணி நேரம் ஊறட்டும், கிளறாதீர்கள். பிசுக்கு மிச்சமிருந்தால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும்.

அடுத்து, சாயம் நூலைப் பிடித்துக்கொள்ளப் படிகார நீரில் சூடாக்கணும்: 100 கிராம் நூலுக்கு 12 கிராம் படிகாரம், 3 லிட்டர் தண்ணீர். எவர்சில்வர் பாத்திரம்தான், இரும்புச் சட்டியில் மஞ்சள் நிறம் மங்கிப் பாசிநிறமாகிவிடும். (அதுவும் அழகுதான், கேட்டு வாங்குபவர்கள் உண்டு.) ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிப்பதால் குமிழியைப் பார்த்துச் சூட்டைக் கணிக்காதீர்கள், தெர்மாமீட்டரில் 80 முதல் 85, ஒரு மணி நேரம்.

காய்ந்த வெங்காயத் தோல் 100 கிராமைத் தனியாகக் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். ஈர நூலை அதில் போட்டு மெல்லச் சூடேற்றினால் முதல் சிட்டம் (சுற்றிக் கட்டிய நூல் கண்ணி) செம்மஞ்சளாக வரும். அதே சாயத்தில் அடுத்த சிட்டம் வெளிறும். அதனால் ஒரு சால்வைக்கான நூல் முழுவதையும் ஒரே தடவையில் போடுங்கள்.

சாயத்தில் போடும் முன்பே சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் கட்டுக்கடியில் வெள்ளை நிற்கும். சூடான நூலைப் பச்சைத் தண்ணீரில் முக்கவே கூடாது, சுருங்கி இறுகிவிடும், பாத்திரத்திலேயே ஆறட்டும். பிழியாமல் நிழலில் தொங்கவிடுங்கள். மூடுபனி நாளில் காய இரண்டு நாளாகும்.