கெல்லியும் கட்சுமியும்: சயோனாரா பார்த்த வாரம்

ஜூன் 7, 2025, சனி

சயோனாரா பார்த்தாயிற்று. 1957-இல் வந்த படம், ஜோஷுவா லோகன் இயக்கியது, ஜேம்ஸ் மிச்சனர் எழுதிய நாவல்தான் கதை. கொரியப் போர் நடக்கிறது. மேஜர் குருவர் என்ற அமெரிக்க விமானி கொஞ்ச நாள் ஓய்வுக்காக ஜப்பானில் கோபே நகரத்துக்கு வருகிறான். தளபதி ஒருவரின் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். ஆனால் அங்கே ஹனா-ஓகி என்ற நாடக நடிகையிடம் மனசு போய்விடுகிறது. பெண்கள் மட்டுமே ஆடிப் பாடும் கோஷ்டியில் அவள்தான் முதல் நட்சத்திரம். குருவராக மார்லன் பிராண்டோ, தெற்கத்திய இழுவையோடு சாவகாசமாகப் பேசுகிறார், எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் படம் முடிந்த பிறகு மனதில் நிற்பது இந்த ஜோடி இல்லை. குருவரின் படையில் இருக்கும் ஜோ கெல்லி என்ற சாதாரணச் சிப்பாயும் அவன் மனைவி கட்சுமியும்தான். நடித்தவர்கள் ரெட் பட்டன்ஸ், மியோஷி உமேகி. குருவர் முதலில் அந்தக் கல்யாணத்தை ஏளனமாகப் பேசித் தடுக்கப் பார்க்கிறான், அப்புறம் அவனே மாப்பிள்ளைத் தோழனாகப் போய் நிற்கிறான். அவளை ஊருக்கு அழைத்துப் போக முடியாது என்பது தெரிந்தேதான் கெல்லி அவளைக் கட்டிக்கொள்கிறான். கடைசியில் ஜப்பானிய மனைவி உள்ளவர்களையெல்லாம் பார்த்துப் பார்த்துத் திருப்பி அனுப்பும் உத்தரவு வருகிறது. அவன் பெயரும் அதில் இருக்கிறது. கட்சுமி கர்ப்பமாக இருக்கிறாள். இருவரும் சேர்ந்து உயிரை விட்டுவிடுகிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

கெல்லி வீட்டுக் காட்சிகளை மட்டும் இன்னொரு தடவை பார்த்தேன். சின்ன வீடு, தரையில் உட்கார்ந்து சாப்பாடு. மரத்தொட்டியில் வெந்நீரில் கெல்லி உட்கார்ந்திருக்க, கட்சுமி அவன் முதுகைத் தேய்த்துவிடுகிறாள். அவன் முகத்தில் இருக்கிற நிம்மதியைப் பார்க்க வேண்டும். மேலதிகாரிகள் வீட்டு விருந்துகளில் யார் முகத்திலும் அப்படி ஒன்று கிடையாது.

கண் விஷயம்தான் என்னை உலுக்கிவிட்டது. கட்சுமி யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போய், கண்ணை வெள்ளைக்காரிகளின் கண் மாதிரி ஆக்கிக்கொள்ள அறுவை செய்துகொள்ளலாமா என்று விசாரிக்கிறாள். தன் கண் இப்படி இருப்பதால்தான் புருஷனுக்கு இத்தனை தொல்லை என்று நினைக்கிறாள். தெரிந்ததும் கெல்லி கத்துகிறான். அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். வசனம் ரொம்பக் கொஞ்சம். சட்டம் செய்த குற்றத்தை ஒரு பெண் தன் முகத்தின் குற்றமாக எடுத்துக்கொள்வதை இவ்வளவு சின்னக் காட்சியில் காட்டியதற்கே இந்தப் படத்தைக் கொண்டாடலாம்.

நான்கு பேரும் சேர்ந்து பொம்மலாட்டம் பார்க்கப் போகிற காட்சியும் உண்டு. அதில் வரும் காதலர்கள் ஒன்றாகச் சாகிறார்கள். முதல் தடவை பார்க்கும்போது ஊர்க் கலையைக் காட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும். முடிவு தெரிந்து பார்த்தால் உட்கார முடியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கெல்லியின் கதை மிகையா என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்துச் சட்டங்களைப் படித்தேன். மிகை இல்லை. 1924-ஆம் வருடக் குடியேற்றச் சட்டப்படி ஜப்பானியர்கள் அமெரிக்காவில் போய்க் குடியேறவே முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945 டிசம்பரில் சிப்பாய்களின் மனைவிமார் வருவதற்காகத் தனிச் சட்டம் போட்டார்கள், இங்கிலாந்து, பிரான்ஸ் என்று ஐரோப்பியப் பெண்கள் கப்பல் கப்பலாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஜப்பானியப் பெண்ணுக்கு அதிலும் இடமில்லை. 1947-இல் ஒரு திருத்தம் வந்தது, அதுவும் எப்படி, அது வந்து 30 நாளுக்குள் கல்யாணம் செய்தால் மட்டும்! அனுமதி கேட்டு மேலிடத்துக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் சிப்பாய்க்கு 30 நாள் எந்த மூலைக்கு? 1952-இல்தான் இனத்தைக் காட்டித் தடுப்பது ஒழிந்தது. அப்போதும் ஜப்பான் முழுவதற்கும் வருடத்துக்கு 185 பேர் என்றுதான் அளவு வைத்தார்கள், மனைவிமார் அந்தக் கணக்கில் சேராதது ஒரு நல்ல காரியம்.

படத்தின் கதை 1951-இல் நடக்கிறது. அதாவது கெல்லியும் கட்சுமியும் இன்னும் ஒரே ஒரு வருடம் தாக்குப்பிடித்திருந்தால் போதும். படத்திலேயே கடைசிப் பக்கம் தளபதி குருவரிடம், சட்டம் சீக்கிரம் மாறப்போகிறது என்று சொல்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு பேர் செத்த பிறகா சொல்வது?

ஜூன் 12, வியாழன்

இன்றைய தேதிக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. 1967 ஜூன் 12 அன்றுதான் அமெரிக்க உச்சநீதிமன்றம், வெவ்வேறு இனத்தவர் கல்யாணம் செய்வதைத் தடுக்கும் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் வர்ஜீனியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் லவிங். 1958-இல் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள், அடுத்த மாதமே படுக்கையறைக்குள் புகுந்து போலீஸ் கைது செய்தது. 25 வருடம் வர்ஜீனியாவில் தம்பதியாகக் கால் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையில் சிறைத்தண்டனையை நிறுத்திவைத்தார்கள். தீர்ப்பு வந்த நாளில்கூட 16 மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டம் இருந்தது.

ஆகவே குருவரும் ஹனா-ஓகியும் அமெரிக்காவில் எந்த ஊரில் குடித்தனம் நடத்தியிருப்பார்கள் என்பது பெரிய கேள்வி. வர்ஜீனியாவில் ஒரு சீன மாலுமிக்கும் வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் நடந்த கல்யாணத்தை அந்த மாநில நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது 1955-இல், படம் வருவதற்கு இரண்டே வருடம் முன்னால்.

ஜூன் 14, சனி

ஹனா-ஓகியாக வந்த மீகோ டாகா பற்றி இன்று படித்தேன். சியாட்டிலில் பிறந்தவர், அமெரிக்கக் குடிமகள். சினிமாவுக்கு வரும் முன் லாஸ் ஏஞ்சலஸில் பயண ஏற்பாட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் 1 லட்சத்து 20 ஆயிரம் பேரை முகாம்களில் அடைத்தார்களே, அதில் அரிசோனாவின் கீலா நதி முகாமில் இவர் குடும்பமும் இருந்தது. மிச்சனர் 1955-இல் மணந்துகொண்ட மாரியும் அப்படி முகாமில் இருந்தவர்தான். படத்தில் ஹனா-ஓகி குருவரிடம், என் அப்பாவையும் சகோதரனையும் உங்கள் நாடு கொன்றது, உங்களை வெறுத்தேன், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறாள். முள்வேலிக்குள் இருந்துவிட்டு வந்த பெண் அந்த வசனத்தைப் பேசுகிறார் என்று தெரிந்த பிறகு அந்தக் காட்சியின் கனமே வேறு.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர் நாகமுராவாக வருபவர் ரிக்கார்டோ மான்டல்பான், மெக்சிகோக்காரர், கண்ணுக்கு ஒப்பனை போட்டு ஜப்பானியர் ஆக்கியிருக்கிறார்கள். தளபதி மகளுக்கும் அவருக்கும் ஏதோ துளிர்ப்பது போலக் காட்டி அப்படியே விட்டுவிடுகிறார்கள். வெள்ளை ஆண், ஜப்பானியப் பெண் என்றால் துணிகிற படம், வெள்ளைப் பெண், ஜப்பானிய ஆண் என்று வந்ததும் பின்வாங்குகிறது. கட்சுமிக்கு இவ்வளவு நியாயம் செய்தவர்கள் இங்கேயும் செய்திருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

நாவலில் குருவரும் ஹனா-ஓகியும் பிரிந்துவிடுகிறார்கள். படத்தில் சேர்கிறார்கள். அதை மாற்றச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவர் பிராண்டோ. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் இப்படிப்பட்ட ஜோடியில் ஒருவர் செத்துவிடுவார், அல்லது தியாகம் செய்து விலகுவார், அதுதான் வழக்கம். நமக்குப் பிறக்கும் பிள்ளைகள் யார் என்று அவள் கேட்கிறாள், பாதி நீ, பாதி நான் என்கிறான் அவன். 1957-இல் ஒரு பெரிய நட்சத்திரம் திரையில் அதைச் சொன்னது சாதாரண விஷயமில்லை.

மியோஷி உமேகி ஹொக்கைடோவின் ஒதாரு ஊர்க்காரர், பாடகி. கட்சுமிக்காக 1958 மார்ச்சில் அவருக்குச் சிறந்த துணை நடிகை ஆஸ்கார் கிடைத்தது, ரெட் பட்டன்ஸுக்கும் கிடைத்தது. நடிப்புக்கு ஆஸ்கார் வாங்கிய முதல் ஆசியப் பெண் அவர். அப்புறம் வந்த வேடங்களில் பலருக்கும் ஞாபகம் இருப்பது தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வீட்டு வேலைக்காரி வேடம். நடிப்பை விட்டு ஒதுங்கி, 2007-இல் மிசூரியில் காலமானார். அந்த ஆஸ்கார் சிலையில் இருந்த தன் பெயரைச் சுரண்டி அழித்துவிட்டுச் சிலையைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று அவர் மகன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஏன் என்று உமேகி விளக்கவில்லையாம். நடிப்புக்கான ஆஸ்காரை இன்னொரு ஆசியப் பெண் வாங்க 2021 ஆயிற்று, தென்கொரியாவின் யுன் யோ-ஜங். 63 வருடம்.