பில் ஆஃப் என்ட்ரி போடத் தெரியும், பரீட்சையில் ஃபெயில்

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தேன். மற்ற தாள்கள் எல்லாம் தேறிவிட்டேன், பன்னாட்டு வாணிபம் மட்டும் அரியர். நூற்றுக்கு 34. தேற 50 வேண்டும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், ஏனென்றால் நான் வேலை பார்ப்பது பாரிமுனைப் பக்கம் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில். இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்துறையில் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி படிவம் போடுவதுதான் அன்றாட வேலை. எந்தச் சரக்குக்கு எத்தனை சதவீதம் டியூட்டி, எந்த எச்.எஸ். கோடு (சரக்கை வகைப்படுத்தும் எண்) என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ‘வாணிபத் தடைகளின் விளைவுகளை விவரி’ என்று கேள்வியைப் பார்த்ததும் கை தானாக கைடில் உருப்போட்ட பதினோரு பாயிண்டை எழுத ஆரம்பித்துவிட்டது. இளந்தொழில் பாதுகாப்பு, வேலைவாய்ப்பு, நாட்டுப் பாதுகாப்பு, அந்நியச் செலாவணி... எதுவும் தப்பில்லை. ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை, வரைபடம் ஒன்றுகூட இல்லை.

எங்கள் ஆபீஸில் ஹார்பர் வேலைக்கு ஓடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பத்தாவதோடு நிறுத்தியவர். மார்க்கைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, ஒரு கண்டெய்னர் நின்னுச்சுன்னா நாம என்ன பாக்குறோம்? யாருக்குத் துட்டு போவுது, யாருக்கு லாஸு. அதையே பரீட்சையிலயும் எழுதேன்.”

இரண்டாவது தடவை நான் படித்ததெல்லாம் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான்.

முதலில் சுங்க வரி வரைபடம். புத்தகத்தில் a, b, c, d என்று நான்கு துண்டு போட்டிருக்கும். அதை எழுத்தாக மனப்பாடம் செய்தால் பரீட்சை ஹாலில் b-யும் c-யும் இடம் மாறும், எனக்கு மாறியது. அதனால் எண் போட்டுப் பார்த்தேன். ஒரு பொம்மையின் உலக விலை 100 ரூபாய். அந்த விலையில் நம் ஊரில் 100 பொம்மை விற்கும். 20 இங்கே செய்தது, 80 இறக்குமதி. இப்போது பொம்மைக்கு 50 ரூபாய் வரி. விலை 150. உள்ளூர்க்காரர் 40 செய்கிறார், மொத்தம் விற்பது 70, இறக்குமதி 30. கணக்குப் போட்டால் வாங்குகிறவருக்கு 4,250 ரூபாய் நஷ்டம். அதில் 1,500 உள்ளூர் உற்பத்தியாளருக்குப் போகிறது (a). இன்னொரு 1,500 அரசுக்கு (c). மீதி 1,250 யாருக்கும் போகவில்லை. இதில் 500 ரூபாய், வெளியில் 100-க்குக் கிடைப்பதை இங்கே கூடுதல் செலவில் செய்ததில் போனது (b). 750 ரூபாய், 150 கொடுக்க முடியாமல் பொம்மை வாங்காமலே திரும்பிய 30 பேர் கணக்கு (d). இந்த இரண்டு முக்கோணம்தான் நலன் இழப்பு. ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது.

இதே படத்தை வைத்துக்கொண்டு கோட்டாவுக்குப் போங்கள். 30 பொம்மைக்கு மேல் வரக்கூடாது என்று உத்தரவு போட்டாலும் விலை அதே 150-தான். ஆனால் அந்த c, அதாவது 1,500 ரூபாய், இப்போது லைசன்ஸ் கையில் வைத்திருப்பவருக்கு. எதற்கும் அரசு உரிமம் வேண்டியிருந்த லைசன்ஸ் ராஜ் காலத்தில் அந்தக் காகிதத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது இங்கே புரிந்துவிடும். ‘நீங்களே பார்த்துக் குறைத்து அனுப்புங்கள்’ என்று விற்கும் நாட்டிடமே சொன்னால், அதே 1,500 வெளிநாட்டு விற்பனையாளருக்கு. 1981-ல் அமெரிக்காவுக்காக ஜப்பான் தன் கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சம் என்று நிறுத்திக்கொண்டது இந்த வகை. வரி, கோட்டா, தன்னார்வ ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்று மூன்று தனிக் கேள்வியாகப் படித்ததை ஒரே படத்தில், c யார் பைக்குப் போகிறது என்று மட்டும் மாற்றி எழுதலாம்.

வரி இல்லாத தடைகள் பாடம் எனக்குப் புரிந்தது புத்தகத்தில் இல்லை, கண்டெய்னர்களை இறக்கி வைக்கும் சி.எஃப்.எஸ். யார்டில். 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் பொம்மைக்கு 20 சதவீதமாக இருந்த சுங்க வரி 60 ஆனது. எங்கள் பார்ட்டி ஒருவர் புலம்பினார், ஆனாலும் கட்டினார், சரக்கு வந்தது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அவருடைய அடுத்த கண்டெய்னர் அதற்குப் பிறகு வந்து நின்றது. வரி கட்டத் தயாராகத்தான் இருந்தார், கட்டி எடுக்க வழியில்லை. சப்ளையர் ஃபேக்டரிக்கு அந்த முத்திரை போடும் லைசன்ஸ் கிடையாது. நாளுக்கு நாள் வாடகை ஏறியது, கடைசியில் சரக்கைத் திருப்பி அனுப்பினார். வரி என்பது டோல்கேட், காசு கட்டினால் போகலாம். தரக் கட்டுப்பாடு அப்படி இல்லை, பாதையே மூடியிருக்கும். நியாயமாக இன்னொரு பக்கமும் எழுத வேண்டும். குழந்தை வாயில் வைக்கிற பொருளுக்குப் பரிசோதனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? உலக வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தமும் தரம் வைக்காதே என்று சொல்லவில்லை, தேவைக்கு மேல் வாணிபத்தை நெருக்காதே என்றுதான் சொல்கிறது. இந்த இரண்டு பக்கத்தையும் எழுதுகிறவருக்குத்தான் மார்க்.

அடுத்தது, பலரும் தப்பாக எழுதும் இடம். ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள சரக்கு என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம் என்றால் 20,000. அந்த வரியின் மேல் சமூக நல சர்சார்ஜ் 10 சதவீதம், 2,000. ஆக 1,22,000. இதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குப் போடும் ஜி.எஸ்.டி.) 18 சதவீதம், 21,960. மொத்தம் கட்டுவது 43,960 ரூபாய். ‘44 சதவீதப் பாதுகாப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். ஐ.ஜி.எஸ்.டி. மாதிரியான வரியை உள்நாட்டுச் சரக்கும் கட்டுகிறது, அது தடை ஆகாது. பாதுகாப்பு 22 சதவீதம்தான். காட் என்ற உலக வாணிப ஒப்பந்தத்தின் 3-வது பிரிவு சொல்லும் ‘உள்நாட்டுப் பொருளுக்குச் சமமான நடத்தை’ இதுதான். தினமும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்த எனக்கு, இது பாடத்தில் வருகிறது என்று இத்தனை நாள் உறைக்கவில்லை.

எஃபெக்டிவ் ரேட் ஆஃப் புரொடெக்‌ஷன் கணக்கை விட்டுவிடாதீர்கள். மூலப்பொருளுக்குப் போடும் வரியையும் கழித்தால் உற்பத்தியாளருக்கு மிஞ்சும் உண்மையான பாதுகாப்பு அது. முழு மார்க் வரும் இடம். சட்டையின் உலக விலை 1,000, அதில் துணி 600, மதிப்புக் கூட்டல் 400. சட்டைக்கு 20 சதவீத வரி, துணிக்கு வரி இல்லை என்றால் தைப்பவருக்கு 200 கூடுதல், 400-க்கு 200, ஆக 50 சதவீதப் பாதுகாப்பு. துணிக்கு 40 சதவீத வரி போட்டால் செலவு 240 ஏறும், வரவு 200. பாதுகாப்பு மைனஸ் 10 சதவீதம்! ஏற்றுமதி செய்பவர் கதை இன்னும் மோசம். வெளியூரில் விற்கும் சட்டைக்கு உள்ளூர் வரியால் விலை ஏறாது, மூலப்பொருள் செலவு மட்டும் ஏறும். பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை எடுக்கச் சொல்லி நம் மில்காரர்கள் ஏன் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றிய அதே மாதம்தான் அந்தப் பஞ்சு வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது.

அந்த 50 சதவீதத்தைப் ‘பெரிய நாடு’ வரைபடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிற நாடு பெரியதாக இருந்தால் வரியின் ஒரு பங்கை விற்பவர் விலை குறைத்துத் தாங்க வேண்டியிருக்கும். ஆனால் எதிர்த்தரப்பும் வரி போட்டால் அந்த லாபம் நிற்காது. இந்த இடத்தில், அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்ற, மற்ற நாடுகளும் பதிலுக்கு ஏற்றிய 1930-ன் ஸ்மூட்-ஹாலி சட்டத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வரலாறு கேட்டால் இளந்தொழில் பாதுகாப்புக்கு வாதாடிய ஹாமில்டன் 1791, ஃபிரெடரிக் லிஸ்ட் 1841 என்று எல்லோரும் எழுதுவார்கள். நான் சிந்தாதிரிப்பேட்டையில் தொடங்கினேன். 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்திக் கிழக்கிந்தியக் கம்பெனி உண்டாக்கிய பேட்டை அது. சின்னத் தறிப்பேட்டைதான் இப்படி மருவியது என்பார்கள். இங்கே துணிக்காக ஆள் தேடிக் கொண்டிருந்த அதே இங்கிலாந்து, தன் ஊரில் 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு இந்திய அச்சுத் துணிகளைத் தடுத்திருந்தது. தடையிலா வாணிபத்தைப் பிற்பாடு உலகத்துக்குப் போதித்தவர்களும் அவர்கள்தான்.

பொருள் குவிப்புக்கு (டம்பிங், அதாவது சொந்த ஊர் விலையைவிடக் குறைத்து வெளிநாட்டில் விற்பது) வ.உ.சி. கதையை எடுத்துக்கொண்டேன். அவர் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. கண்டிப்பாகப் பார்த்தால் இது டம்பிங் இல்லை, போட்டியாளரை ஒழிக்கும் விலைக் குறைப்பு. அந்த வித்தியாசத்தையும் ஒரு வரியில் எழுதிவிட்டேன்.

இந்தியக் கொள்கைக்கு இரண்டு தேதி போதும். 1991 சீர்திருத்தம், அப்புறம் 2001 ஏப்ரல் 1. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் 1999-ல் தோற்ற பிறகு, மிச்சமிருந்த 715 பொருள்களின் இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டை நாம் நீக்கிய நாள். நாளிதழில் வரும் ஒவ்வொரு வரி மாற்றத்தையும் குறித்துவைக்கத் தேவையில்லை, நான் வைத்தேன், ஒன்றும் வரவில்லை.

படித்த நேரம் என்று பார்த்தால் பீச் ஸ்டேஷன் வண்டியில் போகவர, ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கும் பகுதி. நோட்டில் பாதிப் பக்கம் படங்கள்தான்.

இந்தத் தடவை 63. இன்னும் கொஞ்சம் வந்திருக்கும், பெரிய நாடு வரைபடத்தில் அவசரத்தில் அச்சுகளுக்குப் பெயர் எழுதாமல் விட்டுவிட்டேன்.