லௌட்டன்: கிளை கழித்து வளர்த்த காடு

லண்டனின் சென்ட்ரல் லைனில் ஏறிக் கிழக்கே போனால், லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து சுமார் அரை மணி நேரத்தில் லௌட்டன். எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து ஊர். மேற்கிலும் வடக்கிலும் எப்பிங் காடு, கிழக்கில் ரோடிங் ஆற்றின் வெள்ளச் சமவெளி. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டதால்தான் ஊர் கண்டபடி பரவாமல் பச்சையாகவே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து நடந்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கை படாத ஆதிகாடு என்று புகழ்வார்கள். உண்மையில் இங்கிலாந்தில் இவ்வளவு கை பட்ட காடு அதிகமில்லை. அதன் மரங்களுக்கு இன்றைக்கு வந்திருக்கும் நோவெல்லாம், அந்தக் கை திடீரென்று விலகிக்கொண்டதால் வந்தது.

எர்ல்ஸ் பாத் என்ற சாலையை ஒட்டி உள்ளே நுழைந்து எந்தப் பெரிய மரத்தையும் அண்ணாந்து பாருங்கள். தரையிலிருந்து இரண்டு, இரண்டரை மீட்டர் வரை ஒரே அடிமரம். அங்கே வீங்கிப் புடைத்த ஒரு முண்டு. முண்டிலிருந்து ஐந்தாறு கிளைகள், ஒவ்வொன்றும் தனி மரம் போலத் தடித்து, நேரே வானத்தைப் பார்த்துப் போயிருக்கும். எல்லாம் ஒரே உயரத்தில் தொடங்கும், ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கும். ஒரே நாளில் எல்லாக் கிளைகளையும் வெட்டியதால் ஒன்றாகத் துளிர்த்தவை அவை. இப்படிக் கழித்த மரத்தை அங்கே பொல்லார்டு என்பார்கள். எப்பிங் காட்டின் 2,400 ஹெக்டேரில் இத்தகைய முதுமரங்கள் 50,000 வரை இருப்பதாகக் கணக்கு.

அடியோடு வெட்டினாலும் துளிர்க்கும் மரங்கள்தானே, ஏன் ஏணி போட்டு ஏறி வெட்ட வேண்டும்? காரணம் மாடும் மானும். இது வேலியில்லாத மேய்ச்சல் காடு. தரையில் வரும் துளிரை ஒரே வாரத்தில் மேய்ந்துவிடும். வாய்க்கு எட்டாத உயரத்தில் வெட்டினால் கீழே மேய்ச்சல், மேலே விறகு. சட்டமும் அதே உயரத்தில் மரத்தை இரண்டாகப் பிரித்தது: அடிமரம் நிலப்பிரபுவுக்கு, கிளை ஊராருக்கு. ஒரே மரத்துக்கு இரண்டு உடைமையாளர்கள். பின்னால் வந்த வழக்குகள் எல்லாவற்றுக்கும் விதை இதில்தான்.

லௌட்டன் மக்களின் கிளை கழிக்கும் உரிமைக்குப் பருவம் இருந்தது. நவம்பர் 11 நள்ளிரவில் தொடங்கி ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாள் வரை. வழக்கத்துக்குப் பின்னே மர நூல் இருக்கிறது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, மரம் தன் சேமிப்பை வேருக்கும் தண்டுக்கும் இறக்கி வைத்திருக்கும். அப்போது கிளை போனால் இழப்பு குறைவு, வசந்தத்தில் துளிர்க்கக் கையிருப்பு இருக்கும். இலை விட்டபின் வெட்டினால், இலைக்காகச் செலவழித்த முதலும் கிளையோடு போய்விடும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை அதே மரத்துக்குத் திரும்பி வருவார்கள். அதற்குள் கிளை கைப்பருமன் ஆகியிருக்கும். கோடரிக்கும் தோளுக்கும் தோதான அளவு.

விறகில் முதலிடம் ஹார்ன்பீம் என்ற மரத்துக்கு. கொம்பு போன்ற கட்டை என்றே அதன் பெயர் சொல்கிறது. கோடரி வாயை மழுக்கிவிடும், ஆனால் நின்று எரியும், சூடு அதிகம். ஆலைகளின் பற்சக்கரத்துக்குப் பல் செதுக்கியதும் இந்தக் கட்டையில்தான்.

எந்த மரம் எங்கே என்பதை மண் சொல்லிவிடும். மேட்டின் உச்சியில் மணலும் கூழாங்கல்லும், அங்கே பீச் மரம். சரிவில் இறங்கினால் லண்டன் களிமண், அங்கே ஹார்ன்பீம். ஓக் இரண்டிலும் கலந்து நிற்கும். பீச்சுக்கும் ஹார்ன்பீமுக்கும் இலை ஒன்று போலத் தோன்றுவதால் குழம்புகிறவர்கள் நிறைய. பீச்சின் பட்டை யானைத் தோல் நிறத்தில் வழவழவென்று, தண்டு உருண்டையாக இருக்கும். இலை விளிம்பு லேசாக நெளியும், பல் இருக்காது. ஹார்ன்பீமின் தண்டு முறுக்கேறிய தசை போல வரிவரியாகப் புடைத்திருக்கும். இலை விளிம்பில் பல்லுக்குள் பல். குளிர்காலத்தில் மொட்டைப் பாருங்கள்: பீச் மொட்டு நீண்டு கூர்மையாகக் குச்சியை விட்டு விலகி நீட்டும், ஹார்ன்பீம் மொட்டு குச்சியோடு ஒட்டிப் படுத்திருக்கும்.

இனி வழக்கு. 1851இல் பக்கத்து ஹெய்னால்ட் காட்டைக் காடு என்ற நிலையிலிருந்து நீக்கிச் சட்டம் வந்தது. மரங்களை வீழ்த்தி விளைநிலமாக்கினார்கள். 1856இல் லௌட்டனுக்கு ரயில் வந்தது, நிலத்தின் விலை ஏறியது. 1860களின் நடுவில், லௌட்டன் பண்ணையின் பிரபுவும் அதே ஊர்ப் பாதிரியாருமான ஜான் விட்டேக்கர் மெய்ட்லண்ட் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வேலி போட்டு வளைத்தார். நவம்பர் 11 இரவு யாரும் முதல் கிளையை வெட்டாமல் விட்டால் உரிமை செத்துவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதனால் அன்றிரவு பிரபு தரப்பில் ஊராருக்கு விருந்து வைத்துக் குடிக்கவும் கொடுத்தார்கள் என்றும், தாமஸ் வில்லிங்கேல் என்ற விறகுவெட்டி மட்டும் நழுவிப்போய், நள்ளிரவில் வெட்டிய கிளையோடு விருந்துக் கூடத்துக்குத் திரும்பினார் என்றும் ஒரு கதை. கதை எவ்வளவு உண்மையோ, 1866இல் அவர் குடும்பத்து ஆட்கள் கிளை வெட்டியதற்காகச் சிறைக்குப் போனது பதிவில் இருக்கிறது.

அதற்கு முந்திய வருடம் தொடங்கிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் வில்லிங்கேலுக்காக வழக்கை ஏற்றது. ஆனால் 1870இல் அவர் இறந்ததும் வழக்கும் அவரோடு போயிற்று. ஒற்றை ஏழை ஆளின் பெயரில் போட்ட வழக்கின் பலவீனம் அது. அடுத்து வந்த வாதிக்குச் சாவு கிடையாது: லண்டனின் பழைய நகரப் பகுதியை ஆளும் மன்றமான சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன். கல்லறைத் தோட்டத்துக்காகக் காட்டின் தெற்கோரத்தில் அவர்கள் வாங்கியிருந்த நிலத்தோடு மேய்ச்சல் உரிமையும் சேர்ந்து வந்திருந்தது. அந்த உரிமையைப் பிடித்துக்கொண்டு 1871இல் எல்லாப் பிரபுக்களின் மேலும் ஒரே வழக்காகப் போட்டார்கள். விறகை விட்டுவிட்டு மாட்டைப் பிடித்ததுதான் சாமர்த்தியம். கிளை கழிக்கும் உரிமை தனித்தனி ஊருக்குரியது. மேய்ச்சலோ காடு முழுதுக்கும் பொது, மாடு ஊர் எல்லை பார்க்காது. 1874 நவம்பரில் நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1878இல் எப்பிங் காடு சட்டம்: காட்டுக்கு வேலியும் கட்டடமும் என்றைக்கும் கூடாது, மக்கள் உலாவுவதற்குத் திறந்தே கிடக்க வேண்டும். 1882 மே 6ஆம் தேதி ராணி விக்டோரியா ஹை பீச் மேட்டுக்கு வந்து காட்டை மக்களுக்கு அர்ப்பணித்தார்.

அந்தச் சட்டத்திலேயே இன்னொரு ஷரத்தும் இருந்தது. கிளை கழிக்கும் உரிமை ரத்து. லௌட்டன் மக்களுக்கு ஈடாக வந்த பணத்தில் ஒரு மண்டபம் எழுந்தது. ஸ்டேஷன் ரோடும் ஹை ரோடும் சந்திக்கும் முனையில், 1884இல் திறந்த லாப்பிங் ஹால். கிளை கழிப்பு மண்டபம்! கிளை கழிக்க இனி யாருக்கும் உரிமை இல்லை என்பதன் நினைவாகக் கட்டிய கட்டடத்துக்கு வேறு பெயர் பொருந்தாது. வில்லிங்கேல் பெயரில் ஊரில் ஒரு பள்ளியும் ஒரு சாலையும் இருக்கின்றன.

உரிமை போனதற்கு அன்றைய ரசனையும் துணை. மொட்டையடித்த மரங்கள் பார்க்க அசிங்கம், இயற்கை தன் போக்கில் வளரட்டும் என்று படித்தவர்கள் நினைத்தார்கள். மரங்களுக்கு அது விளங்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை பாரம் இறக்கிப் பழகிய முண்டின் மேல் நூற்று நாற்பது வருடக் கிளைகள் ஏறி உட்கார்ந்தன. முண்டின் உள்ளே பெரும்பாலும் பொந்து. பொந்து இருப்பதால் மட்டும் மரம் விழாது. வெற்றுக் குழாயும் உறுதியாகவே நிற்கும். ஆனால் குழாயின் விளிம்பில் பல டன் எடையுள்ள ஆறு நெம்புகோல்கள் நிற்பதால், காற்றடிக்கும்போது முண்டு நடுவே பிளந்து, வாழைப்பழத் தோல் போல நான்கு பக்கமும் விரிந்து விழுகிறது. கீழேயும் கேடு. கழித்த காட்டில் அங்கங்கே வெயில் தரையைத் தொடும், புல்லும் பூவும் இருக்கும். இன்று பீச்சின் நிழலில் சருகும் முள்ளிலை கொண்ட ஹாலிப் புதரும் தவிர அதிகம் இல்லை.

அப்படியானால் மறுபடி வெட்டிவிடலாமே என்றால், அங்கேதான் பலர் தவறு செய்தார்கள். நூறு வருடம் விட்ட பீச்சை ஒரேயடியாக மொட்டையடித்தால் பெரும்பாலும் செத்துவிடும். பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் பீச்சில் குறைவு. பட்டை தடிக்கத் தடிக்க அவை வெளியே வர முடியாமல் உள்ளேயே புதைந்துபோகும். இலை இல்லாத மரம் இவ்வளவு பெரிய வேருக்கும் தண்டுக்கும் சோறு போட முடியாது. நிழலிலேயே இருந்த மெல்லிய பட்டையில் திடீர் வெயில் பட்டால் வெந்தும் போகும்.

இப்போதைய முறை பொறுமையானது. முதலில் சுற்றியுள்ள ஹாலியையும் இளமரங்களையும் விலக்கி மரத்துக்கு வெளிச்சம் காட்டுவார்கள், அதையும் சில வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு உச்சியைக் குறைப்பார்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. இலை தாங்கும் சிறுகிளைகள் ஒவ்வொரு பெருங்கிளையிலும் மிஞ்ச வேண்டும். முண்டோடு ஒட்ட வெட்டக்கூடாது. கிளையின் நீளமான அடித்துண்டை விட்டு வெட்டினால்தான் அந்தத் துண்டில் துளிர் வரும். துளிர் பிடித்ததா என்று பார்த்து, பல வருடம் கழித்து அடுத்த படி. பழைய உயரத்துக்கு இறங்க ஒரு தலைமுறை ஆகும். வறட்சி ஆண்டை அடுத்தும், கடும் உறைபனியிலும் கத்தி வைப்பதில்லை. ஹார்ன்பீம் இதையெல்லாம் பீச்சைவிட நன்றாகத் தாங்கும், துளிர்ப்பதற்குச் சலிக்காது.

முதியவை ஒருநாள் போய்விடும் என்பதால் வாரிசும் வேண்டும். தொடைப் பருமன் வருமுன்னே இளம் ஹார்ன்பீமை இரண்டு, இரண்டரை மீட்டரில் முதல் வெட்டு வெட்டி, பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்புகிறார்கள். மேலே பெரிய மரத்தின் நிழல் இருந்தால் இந்த முயற்சி வீண். துளிர் வெளிறி மடிந்துவிடும்.

மாடுகளும் திரும்பியிருக்கின்றன. 1996இல் பைத்திய மாட்டு நோய் நெருக்கடி வரும்வரை கூட்டமாகத் திரிந்து பக்கத்து ஊர்த் தெருக்களில் புகுந்து தோட்டத்து ரோஜாவைத் தின்ற மாடுகள் அவை. இப்போது மேய்வது நீண்ட கொம்புள்ள லாங்ஹார்ன் இனம், கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையோடு. வேலி போட சட்டம் விடாத இடத்தில் இது நல்ல தீர்வு: எல்லையை நெருங்கினால் பட்டை ஒலிக்கும், மீறினால் சின்ன ஷாக்.

காட்டின் குணம் ஊருக்குள்ளும் நீள்கிறது. தோட்டத்து ஓக் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சினால் கோடையில் மண் சுருங்கி, ஆழமில்லாத அஸ்திவாரம் இறங்கி, ஜன்னல் மூலையிலிருந்து சுவர் விரியும். பயந்துபோய் மரத்தை வெட்டினால் எதிர்த் தொல்லை: குடிக்க ஆளில்லாத களிமண் சில வருடங்களில் ஊதி வீட்டைத் தூக்கும். எனவே முதலில் பொறியாளர், பிறகுதான் கோடரி. பாதுகாப்பு ஆணை உள்ள மரமானால் மாவட்டக் கவுன்சிலின் எழுத்து அனுமதி வேண்டும். ஸ்டேபிள்ஸ் ரோடு போன்ற பாதுகாப்புப் பகுதியில், ஆணை இல்லாத மரத்துக்கும் ஆறு வாரம் முன்னறிவிப்பு. ஒன்றரை மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வீடு வாங்கும்போதே இதை விசாரிக்காமல் பிறகு புலம்புகிறவர்கள் அதிகம்.

நடக்கப் போகிறவர்களுக்கு: ஸ்டேஷனிலிருந்து லாப்பிங் ஹால் வரை வந்து, ஹை ரோட்டைப் பிடித்து, ஃபாரஸ்ட் ரோட்டில் ஏறினால் அதன் முடிவில் காடு. எர்ல்ஸ் பாத்துக்கு வடக்கே மேட்டில் லௌட்டன் கேம்ப் என்ற இரும்புக் காலக் கோட்டை, கிமு 500ஐ ஒட்டியது. கல் எதுவும் இல்லை, மண் கரையும் அகழியும்தான். கரைமேல் பழைய பீச்சுகள் நிற்பதால் தெரியாமலேயே கடந்துவிடுவோம். ஆர்டனன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் நில அளவை நிறுவனத்தின் 174ஆம் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் கையில் இருக்கட்டும். குறுக்கு வழிகள் ஏராளம், பெயர்ப்பலகை அரிது, எல்லா மரமும் ஒரே சாயல் என்பதால் வட்டமடிப்பது சகஜம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சரிவெல்லாம் சேறு, கணுக்கால் வரை ஏறும் பூட்ஸ் தேவை. காளான் பறிக்காதீர்கள், இங்கே அது குற்றம், வழக்கும் போடுகிறார்கள். வழி தவறினால் லௌட்டன் ஓடையைத் தேடுங்கள். வளைந்து வளைந்து ஓடும், நேராக்கப்படாத ஓடை. தண்ணீர் போகும் திசையிலேயே நடந்தால் ஸ்டேபிள்ஸ் ரோட்டுப் பக்கம் கொண்டுவந்து விட்டுவிடும்.