முகவருக்கு ஒரு கடிதம், திருகோணமலையில் சில வாசகர்கள்

ஆங்கிலத்தில் நாவல் எழுதி லண்டனிலோ நியூயோர்க்கிலோ வெளியிட நினைப்பவர் முதலில் ஓர் இலக்கிய முகவரைப் பிடிக்க வேண்டும். அங்குள்ள பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாக வரும் பிரதிகளைத்தான் பார்க்கின்றன. தமிழில் நாங்கள் பிரதியை நேரே பதிப்பகத்திடம் கொடுத்துப் பழகியவர்கள். அதனால் நாவலை அறிமுகப்படுத்தி முகவருக்கு எழுதும் கடிதத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல இங்கே ஆள் தேடுவதே ஒரு தனி வேலையாகிவிட்டது.

என் கதை நடப்பது 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் வேலைக்குப் போன தகப்பனைத் தேடி ஒரு சிறுமி புறப்படுகிறாள்.

கடிதத்தை, நாவலைப் படிக்காதவர்களிடம் மட்டுமே கொடுத்தேன். கதை தெரிந்தவர் கடிதத்தில் இல்லாததையும் தானே நிரப்பிக்கொண்டு வாசிப்பார். முகவருக்கு அந்த வசதி கிடையாது. உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர் ஒருவர் படித்துவிட்டு, “தம்பி, குண்டு விழுந்தது விளங்குது. இந்தப் பிள்ளைக்கு என்ன வேணும் எண்டுதான் விளங்கேல்ல” என்றார். எனக்குக் கிடைத்த கருத்துகளில் ஆகச் சிறந்தது அதுதான். போரை ஒரு வரிக்குள் அடக்கினேன். அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, போகாவிட்டால் எதை இழப்பாள் என்பதற்கே மிச்ச இடம். முழுக் கடிதமும் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

நாவலின் தொடக்கத்துக்கு வேறு வழி. “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும், எங்கள் ஆட்கள் அவ்வளவு அன்பானவர்கள். அதனால் பென்சிலைக் கொடுத்து, கவனம் விலகுகிற இடத்தில் ஒரு கோடு போடுங்கோ, காரணம் சொல்ல வேண்டாம் என்றேன். ஒருவர் மட்டும் போட்ட கோடு அவருடைய ரசனையாக இருக்கலாம். துறைமுகத்தை வர்ணிக்கும் பத்தியில் எல்லோருடைய கோடும் விழுந்திருந்தது. நான் மிகவும் விரும்பிய பத்தி அது. வெட்டவில்லை, சிறுமி கரையில் நின்று தேடும் இடத்துக்கு நகர்த்தினேன். அங்கே அவள் கண்ணால் பார்க்கும்போது அதற்கு உயிர் வந்தது.

கருத்துகள் முட்டிக்கொள்ளவும் செய்தன. திருகோணமலை என்றால் வெளிநாட்டு வாசகருக்குக் கோணேசர் கோயில்தான் தெரியும், அதைத் தொடக்கத்திலேயே காட்டு என்றாள் டொரொண்டோவில் இருக்கும் மச்சாள். போர்த்துக்கேயர் இடித்த பிறகு, இன்று நாங்கள் பார்க்கும் கோயில் எழுந்ததே 1942க்குப் பின்னர்தானே, பாறை விளிம்பில் நடக்கும் பூசையை அப்படியே விடு என்றார் ஊர் நண்பர். நண்பர் பக்கம் நின்றேன். மச்சாளைப் போலக் கோயிலைத் தேடும் வாசகர் குழம்பாமலிருக்க ஒரு வரி மட்டும் சேர்த்தேன்.

மற்றவை சுலபம். பிரிட்டிஷ் முகவர்கள் பலர் கடிதத்தோடு கதைச்சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பலருக்கு முதல் சில பக்கங்களே போதும். கதைச்சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும், கடிதத்தில் சொல்லக் கூடாது. முகவருக்கு வருமானம், புத்தகம் விற்ற பிறகு எழுத்தாளருக்கு வரும் பணத்தில் கிடைக்கும் பங்குதான், பெரும்பாலும் 15 சதவீதம். படித்துப் பார்க்கவே காசு கேட்கும் முகவரிடம் போகாதீர்கள்.

இப்போதைக்குச் சிலருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன். பதில்கள் சரிவராவிட்டால் கடிதத்தைத் திருத்த வேண்டும். ரீச்சருக்கு இப்போது கதை தெரிந்துவிட்டது, அவரிடம் மறுபடி கொடுக்க முடியாது. அப்புறம் கொடுப்பதற்கென்று மூதூரில் ஒருவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.