காரை வீட்டில் விட்டுவிட்டு பரிஸைப் பாருங்கள்

ரொறொன்ரோவிலிருந்து சித்தி குடும்பம், லண்டனிலிருந்து மச்சான், சுவிஸிலிருந்து கலியாணத்துக்கு வருகிற பெரியப்பா. கோடை தொடங்கினால் பரிஸில் இருக்கிற தமிழ் வீடுகளில் பாய் விரிக்க இடம் இருக்காது. வந்தவர்களுக்கு ஊர் காட்டுவதற்கு எங்களிடம் ஒரு வழக்கமும் உண்டு. புறநகர் லா கூர்னோவிலோ சார்செலிலோ காரில் ஏற்றி, ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் இறக்கிப் படம் எடுத்து, சாம்ஸ் எலிசேயைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் காட்டி, வாகனம் விட இடம் தேடி அரைநாளைத் தொலைத்து, பின்னேரம் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கொத்துரொட்டியோடு முடிப்பது. போனவர்கள் ‘பரிஸ் பார்த்தாயிற்று’ என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் பார்த்தது வாகன நெரிசலை.

நான் சொல்வது தலைகீழ். லாச்சப்பலில் தொடங்குங்கள். அங்கிருந்து தெற்கே நடவுங்கள். இரண்டு பக்கத்துக் காடுகளையும் விட்டால் பரிஸ் நகரம் கிழக்கிலிருந்து மேற்குக்குப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சின்ன இடத்துக்குக் கார் எதற்கு?

எனக்கு இந்த நகரம் பிடிபட்டது வேலையால்தான். வந்த புதிதில் சென் மிஷேல் பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். ‘பிளோஞ்’ என்போம். இங்கே வந்த எங்கள் ஆட்களில் கனபேர் அதில் கை நனைத்தவர்கள்தான். கடைசி மேசை எழும்பி, சட்டிகள் முடிந்து, தரையையும் கழுவிவிட்டு வெளியே வந்தால் மெத்ரோ நின்றிருக்கும். வார நாட்களில் ஒரு மணியளவில் நின்றுவிடும், வெள்ளி சனி இரவுகளில் இன்னும் ஒரு மணித்தியாலம் கூட ஓடும். இரவு பஸ்ஸுக்குக் குளிரில் காத்து நிற்பதைவிட நடப்பது சுகம். சென் நதியைக் கடந்து சத்லே, பிறகு செபஸ்தொபோல் பெருவீதி, கார் து லெஸ்த் ரயில் நிலையம், அப்புறம் லாச்சப்பல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஓஸ்மான் என்ற அரச அதிகாரி பழைய சந்துகளை இடித்து நகரத்தின் குறுக்கே வெட்டிய பாதை அது. கிட்டத்தட்ட ஒரே நேர்கோடு, வழி தப்பவே முடியாது. ஒரு மணித்தியாலத்தில் அறைக்கு வந்துவிடலாம். நான் உங்களுக்குச் சொல்லப்போவதும் இதே நடைதான், திசை மட்டும் மாறி, பகல் வெளிச்சத்தில்.

சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.ஈ.ஆர். பி ரயில் எடுத்தால் நேரே கார் து நோர். அங்கிருந்து லாச்சப்பல் மெத்ரோ நிலையத்துக்கு நிலத்துக்குக் கீழாலேயே ஒரு பாதை உண்டு. மேலே வந்தால் நடைபாதையில் பெட்டி பெட்டியாக முருங்கைக்காய், வல்லாரை, வாழைப்பொத்தி. ஒரு பக்கம் நகைக்கடை, மறுபக்கம் புடவைக்கடை, நடுவில் தொலைபேசி திருத்துகிற கடை. ஒரு மரக்கறி ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுங்கள், அது போதும். முதல் நாளே வயிறு முட்டச் சாப்பிட்டால் நடக்க மாட்டீர்கள்.

போபூர் சென் தெனி வீதியில் தெற்கே இறங்குங்கள். வலக்கைப் பக்கம் கார் து நோர் நிலையம் கடந்து போகும். மஜெந்தா பெருவீதியைத் தாண்டினால் தமிழ்ப் பலகைகள் குறைந்து துருக்கி, குர்தியச் சாப்பாட்டுக் கடைகள் தொடங்கும். பக்கத்து வீதிகளில் ஆபிரிக்கப் பெண்களின் தலை பின்னும் கடைகள். இடக்கையில் ‘பசாஜ் பிராடி’ என்று கண்ணாடிக் கூரை போட்ட ஒரு பழைய கடைச்சந்து வரும், 1828இல் திறந்தது. உள்ளே முழுக்க இந்திய, பாகிஸ்தானிய உணவகங்கள். உள்ளே நடந்து மற்றப் பக்கத்தால் வாருங்கள், கூரையைப் பாருங்கள், சாப்பிட இருக்காதீர்கள். லாச்சப்பலிலிருந்துதானே வருகிறீர்கள்!

வீதி முடிகிற இடத்தில் திடீரென்று ஒரு பெரிய கல் வளைவு நிற்கும். போர்த் சென் தெனி. பதினான்காம் லூயி தன் போர் வெற்றிகளுக்காக 1672இல் கட்டுவித்தது. எல்லாரும் பார்க்கப் போகிற ஆர்க் து திரியோம்பைவிட நூற்றறுபது வருடம் மூத்தது. அதற்குக் கீழே வரிசையில் நிற்கிறவர் யாரும் இல்லை, ரிக்கற்றும் இல்லை. பக்கத்திலேயே இளம்பெடியள் கோப்பியோடு இருப்பார்கள். இந்த வீதிதான் பிரெஞ்சு அரசர்கள் பட்டம் சூடிய பிறகு நகரத்துக்குள் ஊர்வலமாக வந்த வழி. செத்த பிறகு வடக்கே சென் தெனி பேராலயத்துக்கு அடக்கம் செய்யக் கொண்டுபோனதும் இதே பக்கத்தால்தான். இன்றைக்கு அதே வழியின் மேல் முனையில் நாங்கள் கருவேப்பிலை வாங்குகிறோம். எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தோசம் உண்டு, மறைக்கவில்லை.

வளைவுக்கு அப்பால் சென் தெனி வீதியின் ஒரு பகுதி சின்னப் பிள்ளைகளோடு போகத் தோதில்லை. வாசல்களில் பெண்கள் நிற்பார்கள், கடைக் கண்ணாடிகளும் அப்படித்தான். அம்மம்மாவும் பிள்ளைகளும் கூட வந்தால் ஒரு வீதி தள்ளிச் செபஸ்தொபோல் பெருவீதியால் இறங்குங்கள், மரநிழலும் உண்டு. இரண்டும் சத்லேயில்தான் கொண்டுபோய் விடும்.

ஆற்றைக் கடந்தால் சித்தே தீவு. நோத்ர் தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15இல் எரிந்தது, 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தார்கள். நுழைவு இலவசம். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும், பயப்படத் தேவையில்லை. தீயின் பிறகு சுவர்க் கற்களைக் கழுவித் துடைத்திருக்கிறார்கள். முன்பு உள்ளே இருந்த அந்த இருண்ட நிறத்தைப் பார்த்தவர்களுக்கு இப்போது வேறு இடத்துக்கு வந்ததுபோல இருக்கும். வாசலுக்கு முன்னால் தரையில் ஒரு தகடு பதித்திருக்கும். பிரான்ஸின் வீதித் தூரங்களை அங்கிருந்துதான் அளக்கிறார்கள். அதில் கால் வைத்துப் படம் எடுக்காமல் எந்தப் பெரியப்பாவும் போனதில்லை.

ஆனால் தீவில் காசு கொடுத்து ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் நான் சென்த் சப்பலைச் சொல்வேன். 1248இல் திறந்த சின்னக் கோயில், நீதிமன்றக் கட்டடங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், சத்தகம், கத்தரிக்கோல் எதுவும் கொண்டுபோக வேண்டாம். முதலில் நுழைவது கீழ்த்தளம், தாழ்ந்த கூரை, அரை இருட்டு. கனபேர் ‘இவ்வளவுதானா?’ என்று முகம் சுளிப்பது அங்கேதான். மூலையில் ஓர் ஒடுங்கிய சுழல்படி இருக்கும், ஏறுங்கள். மேலே சுவர் என்றே ஒன்று இல்லை. பதினைந்து சாளரங்கள், 1,113 காட்சிகள், எல்லாம் வண்ணக் கண்ணாடி. வெயில் அடிக்கிற நாளில் தரையில் நிற்கிறவர்களின் சட்டைகளில் நீலமும் சிவப்பும் விழுந்து நகரும். மழைநாளில் போனால் பாதிக் காசு வீண். வானத்தைப் பார்த்து நாளைத் தெரியுங்கள், ரிக்கற்றை இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி லூவர் அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமை பூட்டு, இதைத் தெரியாமல் வாசலில் இருக்கிற கண்ணாடிப் பிரமிட்டுக்கு முன்னால் நிற்கிறவர்களை வாராவாரம் காணலாம். என் அபிப்பிராயம், ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் உள்ளே போகாதீர்கள். மோனா லிசாவைப் பார்ப்பது என்பது மற்றவர்கள் தலைக்கு மேல் தூக்கிய தொலைபேசிகளைப் பார்ப்பதுதான். முற்றத்தில் நின்று பிரமிட்டைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரையில் பழைய புத்தகம் விற்கிற பச்சைப் பெட்டிகளை மேய்ந்தபடி ஓர்சே அருங்காட்சியகத்துக்கு நடவுங்கள். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம் அது, 1986இல் அருங்காட்சியகம் ஆனது. வான் கோவின் ஓவியங்கள் அங்கேதான். அதற்குப் பூட்டு திங்கள்.

ஈபிளைப் பற்றி நான் சொல்லியா தெரியவேண்டும்? நசியோன் பக்கம் போகிற ஆறாம் இலக்க மெத்ரோவில் இடப்பக்க யன்னலோரம் இருங்கள். ‘பஸ்ஸி’ (Passy) நிலையத்தை விட்டு ரயில் பாலத்தில் ஏறியவுடன் கோபுரம் முழுதாகத் தெரியும். கால் நல்லாக உள்ளவர்கள் இரண்டாம் தளம் வரை 674 படிகளை ஏறலாம், ரிக்கற் மலிவு, வரிசையும் குறைவு. இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் மின்னும், அதை ஆற்றின் மறுகரையில் உள்ள துரோக்காதேரோவில் நின்று பார்ப்பதே வடிவு.

துரோக்காதேரோவுக்குப் போனால் அங்கிருந்து பத்து நிமிட நடையில் கீமே அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதற்குள் போவதே இல்லை, எனக்கு அதுதான் விளங்காத விசயம். எமில் கீமே என்ற லியோன் தொழிலதிபர் ஆசியாவில் சேர்த்த பொருட்களோடு பரிஸில் திறந்தது, 1889இல். ஈபிளும் அதே வருடம்தான். கம்போடியச் சிற்பங்கள் கூடம் கூடமாக இருக்கும். இந்தியப் பகுதியில் பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்து வெண்கல நடராசர். நான் கூட்டிப்போன ஓர் அம்மம்மா சிலைக்கு முன்னால் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். ‘ஏன் தம்பி, இவருக்கு ஒரு பூக்கூட வைக்கமாட்டினமோ?’ என்று கேட்டார். காவலுக்கு நின்ற பெண் தன் கதிரையை அவர் பக்கம் தள்ளிவிட்டார். இங்கேயும் செவ்வாய் பூட்டு.

சாப்பாட்டுக்கு வருவோம். கழுவுகிற இடத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வாசலில் ஆள் நின்று கூப்பிடுகிற உணவகம், ஆறு மொழியில் படத்தோடு பட்டியல் நீட்டுகிற உணவகம், இரண்டுக்குள்ளும் போகாதீர்கள். அவ்வளவு வகையும் குளிர்பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். கறுப்புப் பலகையில் கையால் நாலைந்து பெயர் மட்டும் எழுதியிருக்கிற இடம் பாருங்கள். வார நாட்களில் மத்தியானம் ‘போர்முல்’ என்று இரண்டு வகை சேர்த்து ஒரே விலைக்குத் தருவார்கள், இரவு விலையைவிட நல்ல மலிவு. பன்னிரண்டரைக்குள் போய் இருங்கள். இரண்டு மணிக்குப் பிறகு பெரும்பாலான குசினிகள் மூடி, ஏழு மணிக்குத்தான் திரும்பத் திறக்கும். எங்கள் சனம் மூன்று மணிக்குப் பசிக்கிற சனம், அந்த நேரத்தில் வெதுப்பகம்தான் தஞ்சம். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் சும்மா வரும். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது. கனடாவிலிருந்து வருகிறவர்கள் இருபது வீதம் வைத்துவிட்டுப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். உள்ளே போனவுடன் முதலில் ‘போன்ஜூர்’. அது இல்லாமல் ஒன்றைக் கேட்டால் முகம் திரும்பிவிடும், பிறகு என்ன கேட்டும் பிரயோசனம் இல்லை.

வெள்ளிக்கிழமை மரக்கறி என்பவர்களுக்கு மாரே பகுதியில் றோசியே வீதி. பலாபெல் என்ற கொண்டைக்கடலை வடைச் சாப்பாட்டை வாங்கிக் கையில் வைத்துச் சாப்பிடலாம். ஆனால் யூதர்களின் கடைகள், ஓய்வுநாளுக்காக வெள்ளி பின்னேரம் பூட்டிச் சனி பகலும் திறக்க மாட்டார்கள். ஆகவே மத்தியானத்துக்கே போய்விடுங்கள்.

பாண் விசயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ‘திரதிசியோன்’ என்று கேளுங்கள். 1993இல் போட்ட சட்டப்படி மா, தண்ணீர், உப்பு, நொதியால், இரசாயனச் சேர்மானம் எதுவும் கலக்காமல் செய்யவேண்டிய பகெத் என்ற நீளப் பாண் அது. தனியாக வந்தவர் பாதி கேட்டாலும் வெட்டித் தருவார்கள். 2023இல் நகரத்தின் சிறந்த பகெத் பரிசை வென்றவர் இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா. வென்றவர் ஒரு வருடம் ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் பாண் கொடுப்பது வழக்கம். இருபதாம் வட்டாரத்தில் பிரெனே வீதியில் அந்தக் கடை. பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் பார்க்கப் போகிற அன்று அந்தப் பக்கமும் போய் வாருங்கள்.

ரிக்கற் விசயம் சுருக்கமாக. மெத்ரோவுக்கும் ஆர்.ஈ.ஆருக்கும் 2025 ஜனவரியில் பரிஸும் புறநகர்களும் சேர்ந்த பிராந்தியம் முழுக்க ஒரே விலை ஆக்கினார்கள், அப்போது 2.50 யூரோ. விமான நிலைய ரிக்கற் தனி, விலை கூட. வார அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், வியாழன் வந்து இறங்குகிறவருக்கு நட்டம். தெருவோரச் சாம்பல் நிறக் கழிப்பறைகள் இலவசம், சித்திமாருக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். தாலிக்கொடியும் சங்கிலியும் சால்வைக்குள்ளே இருக்கட்டும். சக்ரே கேர் தேவாலயப் படிகளுக்குக் கீழே கையில் நூல் கட்ட வருகிறவர்களுக்குக் கையைக் கொடுக்காதீர்கள், கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள்.

நாளைத் தெரிவு செய்ய முடிந்தவர்கள் ஓகஸ்ட் கடைசியைப் பாருங்கள். பஜோல் வீதி மாணிக்க விநாயகர் ஆலயத்துத் தேர் அந்த நேரத்தில், சில வருடங்களில் செப்டெம்பர் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். கோயில் 1985இல் தொடங்கியது. வடம் பிடிக்கிற எங்கள் சனத்துக்கு நடுவே மாடி யன்னல்களில் பிரெஞ்சுக்காரர் காலைக் கோப்பியோடு நிற்பார்கள், வீதி முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஓடும். சரியான திகதியைக் கோயிலில் கேட்டுவிட்டு விமானம் பதியுங்கள். அன்றைக்கு லாச்சப்பல் நிலையத்தில் இறங்காமல் ஒரு நிலையம் முந்தி இறங்கி நடவுங்கள், சப்பாத்து வழுக்காததாகப் போட்டு வாருங்கள்.