லேமினேஷன் பஞ்சாயத்து
மரம் வளர்ப்பது பற்றி ஒரு கையேடு வடிவமைக்கச் சொன்னார்கள், அதற்கு அட்டையில் மேட் லேமினேஷன் வேண்டுமாம். அது காகிதத்தின் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் படலம்தான், ஓரத்தை நகத்தால் கீறினால் தோல் மாதிரி உரிந்து வரும், ஒட்டிவிட்டால் மறுசுழற்சி பெரும்பாடு. சொன்னேன். "பளபளப்பு போயிடுமே" என்றார்கள். (மேட் என்றாலே மங்கல்தான், அதில் ஏது பளபளப்பு, சரி விடுங்கள்.)

பளபளப்பு என்றதும் விக்டர் பாப்பனெக் என்ற டிசைனர்தான் நினைவுக்கு வந்தார். அவர் 1960களில் தன் மாணவருடன் சேர்ந்து காலித் தகர டப்பாவில் ஒரு ரேடியோ செய்தார், மெழுகும் திரியும் எரிகிற சூட்டில் ஓடும். பெயிண்ட்கூட அடிக்கவில்லை, வைத்திருப்பவர்களே அலங்கரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அசிங்கமாக இருக்கிறது என்று டிசைன்காரர்களிடமே திட்டு வாங்கினார்.

அப்புறம் நான் லேமினேஷன் இல்லாமல், வெட்டும்போது தாள் வீணாகாத அளவில் மாற்றி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.