அடுத்தடுத்து வரும் எழுத்துகளை எண்ணும் சார்பு: திருத்தி எழுதிய அனுபவம்

அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்தை எண்ணித் தொகுக்கும் தற்சுழற்சிச் சார்பு (தன்னையே அழைத்துக்கொள்ளும் சார்பு) ஒன்றைப் பயிற்சிக்காக ஹாஸ்கெல் நிரல்மொழியில் எழுதினேன். ‘ககககஙஙச’ என்று கொடுத்தால் க 4, ங 2, ச 1 எனச் சோடிகளின் பட்டியல் கிடைக்க வேண்டும். (‘காகா’ என்று கொடுத்துவிடக் கூடாது, யூனிகோடில் துணைக்கால் தனிக் குறி என்பதால் நான்கு சோடிகள் வந்து நிற்கும்.)

முதல் வடிவம் விடையைச் சரியாகத்தான் தந்தது. ஆனால் பட்டியலை ஹெட் (முதல் உறுப்பைத் தருவது), டெயில் (எஞ்சியதைத் தருவது) கொண்டு பிரித்து, நடப்பு எழுத்து, அதன் எண்ணிக்கை, இதுவரை சேர்ந்த விடை என மூன்றையும் ஒவ்வோர் அழைப்பிலும் சுமந்து சென்ற அந்த நிரலை மறுநாள் படித்தபோது எனக்கே புரியவில்லை. போதாக்குறைக்கு, ஹாஸ்கெல் நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரான ஜிஎச்சியே 9.8 பதிப்பு முதல் ஹெட், டெயில் இரண்டுக்கும் எச்சரிக்கை தருகிறது. புதிய சோடியை விடையின் கடைசியில் ஒட்டியதால் வேகமும் கெட்டது: 1000 தொகுப்புகள் இருந்தால், ஏற்கெனவே சேர்ந்த சோடிகளைத் திரும்பத் திரும்ப நகலெடுப்பதற்கே ஏறத்தாழ 5 லட்சம் படிகள் ஆகும்.

சோடியை முன்னால் சேர்த்து, முடிவில் பட்டியலைத் திருப்பிப் போட்டேன். வேகம் சரியாயிற்று. பிறகு ‘ககங’ முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும் பட்டியலைக் கொடுத்து முதல் மூன்று சோடிகளை மட்டும் கேட்டபோது, நிரல் விடை தராமல் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளீடு தீர்ந்த பிறகே விடையை வெளியே விடும் அமைப்பு அது. வேறு மொழிகளில் பழகிய கையோடு இங்கும் கொண்டுவந்துவிட்டேன்.

மூன்றாம் வடிவத்தில் பேட்டர்ன் மேட்சிங் (உள்ளீட்டின் வடிவத்தைப் பார்த்து வழி பிரிப்பது) மூலம் இரண்டே நிலைகளை வைத்தேன். காலிப் பட்டியலுக்குக் காலி விடை. இல்லையெனில், முதல் எழுத்தை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை ‘ஸ்பான்’ கொண்டு அதே எழுத்து நீடிக்கும் பகுதி, மீதி என இரண்டாகப் பிரித்து, சோடியை முன்னால் வைத்து மீதிக்குத் தன்னையே அழைக்கும். கேட்கும் அளவுக்கே கணக்கிடுவதால் க 2, ங 1, க 2 உடனே வந்தன.

பட்டியலை வலப்புறத்திலிருந்து சேர்த்து ஒரே விடையாக்கும் ‘ஃபோல்டர்’ (foldr) சார்பைக் கொண்டும் எழுதிப் பார்த்தேன், பார்வைக்கு அழகுதான். ஆனால் முன் சோடியோடு சேர்ப்பதா, புதிதாகத் தொடங்குவதா என்று முடிவு செய்ய மீதியின் விடையை முதலில் பிரித்துப் பார்த்தாக வேண்டியிருந்ததால், அதுவும் முடிவிலிப் பட்டியலில் சிக்கிக்கொண்டது. அடுத்தடுத்து வரும் ஒரே உறுப்புகளைத் தொகுக்கும், நூலகத்தின் ‘குரூப்’ சார்பை எடுத்தால் ஒரே வரியில் முடியும். பயிற்சி என்பதால் தவிர்த்தேன். அதுவும் உள்ளே ஸ்பானைத்தான் நம்பியிருக்கிறது என்று கண்டபோது சற்றே நிம்மதி.

க மட்டுமே முடிவின்றி வந்தால் என் மூன்றாம் வடிவமும் எண்ணிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கேள்விக்கு விடையே இல்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.